கழுத்தில் ஒரு கட்டி, வீடு நிறைய டாக்டர்கள்

கட்டியை முதலில் பிடித்தது டாக்டர் இல்லை, தையல்காரர். பேருந்து நிலையத்து ஊழியர்களுக்குப் புதுச் சீருடை என்று அளவெடுக்க வந்தவர், அறிவிப்பாளர் பெண்ணின் கழுத்தில் நாடாவைச் சுற்றிவிட்டு, "வலப்பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கும்மா. கவலைப்படாதீங்க, காலரை அதுக்கேத்த மாதிரி வெட்டிடறேன்" என்றார். உடம்பில் எந்தக் கோளாறு இருந்தாலும் அதற்கேற்றபடி துணியை வெட்டிவிட்டால் விஷயம் முடிந்தது என்பது அவர் கொள்கை. முப்பதைத் தொடாத அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. சட்டை வந்தது. காலர் இறுக்கியது. தையல்காரரைத் திட்டித் தீர்த்த பிறகுதான், ஒரு நாள் கண்ணாடி முன்னால் நின்று தண்ணீர் குடிக்கும்போது, தொண்டையில் ஏதோ ஒன்று தண்ணீருக்கு வழிவிடுவதுபோல ஏறி இறங்குவதைப் பார்த்தாள்.

ஸ்கேன் எடுத்தார்கள். தையல்காரர் பிடித்தது அப்பாவியாம். வெறும் நீர் கோத்த பை. ஊசி வைத்து உறிஞ்சியதும் இருந்த இடம் தெரியாமல் அமுங்கிவிட்டது. ஆனால் அதன் பின்னால், தைராய்டு சுரப்பிக்குள், சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதாக இன்னொன்று சத்தமில்லாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குள்ளும் ஊசியைவிட்டுச் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். "சந்தேகத்துக்குரியது" என்று முடிவு வந்தது.

வீட்டில் அந்தச் சொல் யாருக்கும் பிடிக்கவில்லை.

"சந்தேகம்னா? இருக்குதா இல்லையா?" என்றாள் அம்மா.

"இருக்கலாம்னு அர்த்தம்மா."

"இருக்கலாம்னா?"

"இல்லாமலும் இருக்கலாம்."

"இதைச் சொல்றதுக்கா கழுத்துல ஊசி குத்தினாங்க? இதை நானே சொல்லியிருப்பேனே!"

அந்தக் குடும்பத்தில் முதல் பட்டதாரி அவள்தான். விலங்கியல். மாத்திரை அட்டையைப் படிப்பதிலிருந்து மின்சார அலுவலகத்தோடு சண்டை போடுவதுவரை எல்லாம் அவள் தலையில்தான் விடியும். "எங்க வீட்டுப் பட்டதாரி சொன்னா சரிதான்" என்று அப்பா நாலு பேர் முன்னால் சொல்வார். கல்லூரியில் அவள் அறுத்துப் பார்த்ததெல்லாம் கரப்பான்பூச்சியும் மண்புழுவும்தான் என்பதும், அவை இரண்டுக்கும் தைராய்டே கிடையாது என்பதும் அவளுக்கு மட்டும் தெரிந்த ரகசியம். பட்டம் வாங்கிய பிறகு ஆய்வகம் ஆய்வகமாக விண்ணப்பம் போட்டாள். எங்கும் கூப்பிடவில்லை. குரல் நன்றாக இருக்கிறது என்று பேருந்து நிலையத்தில் தற்காலிகமாக எடுத்துக்கொண்டார்கள். அந்தத் தற்காலிகத்துக்கு ஆறு வயதாகிறது. ஓட்டுநர்கள் அவளை "மைக்கு" என்று கூப்பிடுவார்கள். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, வருவதையும் போவதையும் பற்றிப் பேசுவதுதான் வேலை. அவள் எங்கும் போனதில்லை.

டாக்டர் அம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். ஒரு கண் எப்போதும் கதவுக்கு வெளியே காத்திருந்த நோயாளி வரிசையின் மேல் இருந்தது. அம்மாவும் அப்பாவும் இருபுறமும் உட்கார, அவர் படம் போட்டு விளக்கினார். ஒன்று, ஆபரேஷன். சுரப்பியில் வலது பாதியை எடுத்துவிடலாம். எடுத்துப் பார்த்தால் என்னவென்று உறுதியாகத் தெரிந்துவிடும். ஆனால் குரலுக்குப் போகும் நரம்பு அதன் முதுகை ஒட்டித்தான் ஓடுகிறது. பெரும்பாலும் ஒன்றும் ஆகாது, சிலருக்குக் குரல் கம்மும், வெகு சிலருக்குக் கம்மியபடியே நின்றுவிடும். தினமும் மாத்திரை வேண்டியிருந்தாலும் இருக்கும். இன்னொன்று, கண்காணிப்பு. இந்த அளவில் இருப்பது கெட்டதாகவே இருந்தாலும் மெதுவாகத்தான் நகரும். நகராமலே கிடப்பதும் உண்டு. ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஸ்கேன் எடுத்துப் பார்க்கலாம். வளர்ந்தால் அப்போது வெட்டலாம்.

"உங்க விஷயத்துல ரெண்டுமே சரிதான். முடிவு உங்களோடது" என்று பேனாவை மூடினார்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. நாலு விடை கொடுத்து ஒன்றைத் தேர்ந்தெடு என்பார்கள். தேர்ந்தெடுத்துத் தேர்ந்தெடுத்துத்தான் அவள் பட்டதாரி ஆனாள். எந்தத் தேர்விலும் இரண்டு விடைகள் சரியாக இருந்ததில்லை. அப்படி இருந்தால் அது அச்சுப்பிழை, அதற்கு மதிப்பெண் போட்டுவிடுவார்கள். இங்கே மதிப்பெண் போட ஆளில்லை.

"டாக்டர், நீங்களா இருந்தா என்ன பண்ணுவீங்க?"

"நான் நீங்க இல்லையே."

வெளியே வந்ததும் அப்பா பெருமூச்சுவிட்டார். "இவ்வளவு படிச்சவங்க, நம்மகிட்ட யோசனை கேக்கறாங்க பாரு. நாடு எங்க போயிட்டிருக்கு!"

அன்றிலிருந்து வீட்டில் ஒரு விசித்திரம் நடந்தது. எல்லாவற்றுக்கும் அவளைக் கேட்டவர்கள், அவள் கழுத்தைப் பற்றி மட்டும் அவளைக் கேட்கவில்லை. ஆளாளுக்கு டாக்டர் ஆனார்கள்.

அம்மா சலவை நிலையத்தில் வேலை பார்ப்பவள். அவள் கருத்து சலவைக்கல்போல உறுதியாக இருந்தது. "கறை பட்டா அன்னிக்கே எடுத்துடணும். ஊற விட்டுட்டு அப்புறம் தேச்சா துணிதான் கிழியும்."

அப்பா ஒரு கிடங்கில் காவல்காரர். கண்காணிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. மகளைத் தனியாகக் கூப்பிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "வேணாம்மா. கண்காணிப்புன்னா என்னன்னு எனக்குத் தெரியும். இத்தனை வருஷமா அதைத்தானே பண்றேன். முதல் வாரம் சுத்திச் சுத்தி வருவேன். ரெண்டாவது வாரம் நாற்காலியிலேருந்து பாப்பேன். அப்புறம் நாற்காலிதான் கிடங்கைப் பாத்துக்கும். திருட்டுப் போனப்ப எனக்கே மறுநாள் அடுத்தவன் சொல்லித்தான் தெரியும்."

"உங்க மேல நடவடிக்கை எடுக்கலையாப்பா?"

"எடுத்தாங்க. கண்காணிக்கறோம்னு சொல்லியிருக்காங்க."

மாமா, அம்மாவின் தம்பி, பழைய வண்டி வாங்கி விற்பவர். கைப்பேசியில் யார் எதை அனுப்பினாலும் படிக்காமல் பத்துப் பேருக்குத் தள்ளிவிடுவதால் வீட்டில் அவருக்குத் 'தபால் மாமா' என்று பெயர். செய்தி கேட்டு ஓடி வந்தவர், உட்காருவதற்கு முன்பே தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

"அக்கா, என்ஜின்ல சத்தம் வந்தா கழட்டிப் பாக்கணும். பாதியை எடுத்தாலும் மீதி பாதியில ஓடுமாம்ல? அப்புறம் என்ன யோசனை? எத்தனை வண்டி அப்படி ஓட்டி வித்திருக்கேன்!"

"வாங்கினவங்க என்ன ஆனாங்க மாமா?" என்றாள் அவள்.

"அதெல்லாம் எதுக்கும்மா இப்போ."

மறுநாள் காலை அவள் கைப்பேசிக்குத் தைராய்டைக் கரைக்கும் மூன்று இலைகள் பற்றிய செய்தி வந்தது. அதே இலைகள் போன மாதம் மூட்டுவலியைக் கரைத்திருந்தன.

வெளியே சொல்லாவிட்டாலும் அவளும் ஆபரேஷன் பக்கம்தான் சாய்ந்திருந்தாள். காரணம் அவள் தொழில். 'சற்று நேரத்தில்' என்ற சொல்லை அவளைவிட அதிகம் சொன்னவர்கள் அந்த ஊரில் இல்லை. பேருந்து எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், எத்தனை மணிக்கு வரும் என்று சொல்வார்கள். தெரியாவிட்டால், நிலைய மேற்பார்வையாளர் ஒரு துண்டுக் காகிதத்தில் 'ச.நே.' என்று கிறுக்கிக் கூண்டுக்குள் நீட்டுவார். அவள் தேனாய்க் குரலை இழைத்து, "சற்று நேரத்தில் வந்து சேரும்" என்பாள். குரல் எவ்வளவு இனிமையோ அவ்வளவுக்கு விவரம் கிடையாது என்பது உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும். அதனால்தான் டாக்டர் நிதானமாக, இனிமையாக, "ஆறு மாசம் கழிச்சுப் பாக்கலாம்" என்றபோது அவள் நம்பவில்லை. ஐயோ, இவருக்கும் யாரோ துண்டுக் காகிதம் நீட்டியிருக்கிறார்கள் என்று நினைத்தாள்.

அதற்கும் கீழே வேறொன்று இருந்தது. அது ஒரு மத்தியானம், மூன்றாம் நடைமேடைக்கான அறிவிப்பின் நடுவில் வெளியே தலை நீட்டியது. குரல் போய்விட்டால் இந்தக் கூண்டிலிருந்து இறங்கிவிடலாம். யாரும் ஒன்றும் கேட்க முடியாது. பட்டம் வாங்கிவிட்டு மைக்கில் உட்கார்ந்திருக்கிறாயே என்று கேட்க முடியாது. மைக்கை விட்டுவிட்டு என்ன செய்யப்போகிறாய் என்றும் கேட்க முடியாது. பாவம், கழுத்தில் ஆபரேஷன் என்பார்கள். நினைத்த மறுகணம் அவளுக்கே அருவருப்பாகிவிட்டது. வாக்கியத்தின் பாதியில் நின்றுவிட்டாள். வெளியே பயணிகள் அண்ணாந்து ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். நான் கட்டிக்குப் பயப்படுகிறேனா, இல்லை அதை வைத்துத் தப்பிக்கப் பார்க்கிறேனா? பயந்தால் பரவாயில்லை. தப்பிக்கத்தான் என்றால், படித்த படிப்புக்கு என்னதான் அர்த்தம்?

ஆபரேஷனுக்குத் தேதி வாங்கலாம் என்று வீட்டில் முடிவான வாரம் அது. மலைப்பாதையிலிருந்து வர வேண்டிய சாயங்காலப் பேருந்து வரவில்லை. மேற்பார்வையாளர் வழக்கம்போல 'ச.நே.' நீட்டினார். அவளும் வழக்கம்போல இழைத்தாள். மூன்றாவது முறை இழைத்தபோது, மூக்குக் கண்ணாடி விற்கும் ஒருவர் பெட்டியும் கையுமாகக் கூண்டு வாசலுக்கே வந்துவிட்டார்.

"ஏம்மா, உண்மையைச் சொல்லு. வருமா வராதா?"

"சற்று நேரத்துல…"

"அதை விடு, அது ஊருக்குச் சொல்றது. எனக்குச் சொல்லு. வராதுன்னா வாடகை வேன்ல போயிடுவேன். வரும்னா உக்காருவேன். ரெண்டுல எதைன்னாலும் செய்யறேன்மா. இப்படி நடுவுல நிக்க வச்சுக் கழுத்தறுக்காதே."

கழுத்தறுக்காதே என்றதும் அவள் கை தானாகக் காலருக்குப் போனது. அந்த ஆளைப் பார்த்தாள். நாலு நாளாகத் தான் போட்டுக்கொண்டிருக்கும் முகத்தைத்தான் அவரும் போட்டுக்கொண்டிருந்தார்.

மலையடிவாரப் பாலத்துச் சோதனைச் சாவடிக்குத் தொலைபேசி எண் உண்டு. ஆறு வருஷத்தில் அவள் அதை அழைத்ததில்லை. அழைப்பது அவள் வேலையும் இல்லை. அழைத்தாள். பேருந்து இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை என்றார்கள். ஏன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை. அவள் மைக்கைத் திருகினாள்.

"பயணிகள் கவனத்துக்கு. பேருந்து இன்னும் பாலத்தைத் தாண்டவில்லை. காரணம் எங்களுக்குத் தெரியாது. கால் மணிக்கு ஒருமுறை பாலத்தைக் கேட்டுச் சொல்கிறேன். ஏழு மணிக்குள் தாண்டாவிட்டால், காத்திருக்க வேண்டாம் என்று நானே சொல்லிவிடுவேன்."

நிலையம் அப்படியே பொங்கி எழுந்தது. வராத பேருந்துக்குப் பொறுத்துப் பழகிய மக்களுக்குத் 'தெரியாது' என்ற சொல்லைப் பொறுக்க முடியவில்லை. "தெரியாதுங்கறதுக்கு ஒரு ஆளு, அதுக்கு ஒரு மைக்கு, அதுக்கு ஒரு ஃபேன் வேறயா?" என்று ஒருவர் கத்தினார். மேற்பார்வையாளர் வேர்த்து விறுவிறுத்து ஓடி வந்தார்.

"என்னம்மா பண்ணிட்டே? நமக்குத் தெரியாதுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சே!"

"தெரியாதுதானே சார்."

"தெரியாம இருக்கறது வேற, தெரியாதுன்னு சொல்றது வேற. இது நிர்வாகம்மா."

அவருக்குப் பதில் சொல்ல அவளுக்கு நேரமில்லை. கால் மணி ஆகியிருந்தது. பாலத்தை அழைத்தாள், சொன்னாள். மறுபடி அழைத்தாள், சொன்னாள். 'சற்று நேரத்தில்' என்று சொன்னால் அதோடு டீ குடிக்கப் போகலாம். இதில் போக முடியவில்லை. காத்திருப்பதில் இவ்வளவு வேலை இருக்கும் என்று அவள் நினைத்ததே இல்லை. கூட்டத்தில் பாதி திட்டிக்கொண்டே வேன் பிடித்தது. பாதி திட்டிக்கொண்டே உட்கார்ந்தது. கண்ணாடிக்காரர் பெட்டியைத் திறந்து கண்ணாடிகளைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். யாரும் நிம்மதியாக இல்லை. ஆனால் யாரும் நடுவில் நிற்கவில்லை. ஏழு மணிக்கு முன்பே பேருந்து பாலத்தைத் தாண்டியது. வேனில் போனவர்களும் பேருந்தில் போனவர்களும் ஏறக்குறைய ஒரே நேரத்தில்தான் ஊர் போய்ச் சேர்ந்தார்கள் என்று மறுநாள் கேள்விப்பட்டாள். அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வந்தது.

அந்த வாரமே விடுப்புப் போட்டுத் தனியாக டாக்டரிடம் போனாள்.

"தேதி வாங்க வந்தீங்களா?"

"இல்ல டாக்டர். ஒண்ணு கேக்கணும். கண்காணிப்புன்னு சொன்னீங்க. என்ன ஆனா அதை நிறுத்திட்டு வெட்டுவீங்க?"

டாக்டர் முதல் முறையாகக் கதவைப் பார்ப்பதை விட்டுவிட்டு அவளைப் பார்த்தார். இவ்வளவு அளவுக்கு மேல் வளர்ந்தால். கழுத்தில் நெறி கட்டி, அதிலும் சந்தேகம் வந்தால். இப்போது நரம்பைவிட்டு விலகி இருக்கிறது. நரம்புப் பக்கம் நகர்ந்தால். விரல்விட்டு எண்ணி, ஒவ்வொன்றாகச் சொன்னார்.

"இதுல ஏதாவது ஏமாத்திடுமா?"

"ஏமாத்தறது பெரும்பாலும் கட்டி இல்லம்மா, ஆளுங்கதான். ஒரு தடவை நல்லா இருக்குன்னு சொன்னா, அடுத்த தடவை வர மாட்டாங்க."

"நான் வருவேன்."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க." டாக்டர் பேனாவை எடுத்தார். "அப்போ ஆபரேஷன் வேணாம்னு முடிவா? அதுவும் தப்பில்லையே. மனசுல பயத்தோட இருக்க முடியலன்னா எடுத்துடறதுதான் நல்லது. பயமா?"

பொய் சொல்லத்தான் வாயைத் திறந்தாள். "பயமும் இருக்கு. ஆனா… குரல் போனா வேலையை விட ஒரு காரணம் கிடைக்கும்னு ஒரு நினைப்பும் இருந்துச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. "வேலையை விடணும்னா ஒரு வெள்ளைத்தாள் போதும்மா. அதுக்கு என் கத்தி எதுக்கு?" என்றவர், "அடுத்தது யாரு?" என்று கதவைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

வீட்டில் சொன்னாள். கண்காணிப்புதான் என்றாள். மூன்று டாக்டர்களும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"படிச்ச திமிரு" என்றார் தபால் மாமா. "நாங்கள்லாம் முட்டாளா?"

"மாமா, ஆபரேஷன் பண்ணியிருந்தாலும் சரிதான். ரெண்டுமே சரின்னுதான் டாக்டர் சொல்றாங்க. எனக்கு இதான் முடியும்னு தோணுது."

"தோணுதாம்! கழுத்துல வச்சுக்கிட்டுத் தோணுதாம்!"

அம்மா அதற்குமேல் வாதாடவில்லை. அதுதான் பெரிய தண்டனை. மறுநாளிலிருந்து மகளோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சொல்ல வேண்டியதைச் சுவரிடமும் அப்பாவிடமும் பாத்திரங்களிடமும் சொன்னாள். "சிலருக்குச் சாப்பாடு ஆறிப்போகுதுன்னு சொல்லுங்க" என்பாள், மகள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது.

ஆறு மாதக் கண்காணிப்பு என்று டாக்டர் சொன்னது ஒரு ஸ்கேனைத்தான். வீட்டில் நடந்தது வேறு. வேலையிடத்தில் காட்டாத சுறுசுறுப்பை அப்பா வீட்டில் காட்டினார். விடிந்ததும் கிடங்கு டார்ச்சோடு வந்து அவள் கழுத்தில் அடித்துப் பார்ப்பார். வெளியே தெரியாதப்பா, உள்ளே இருக்கிறது என்று எத்தனை தடவை சொன்னாலும், "ஒரு பார்வை பாத்துடறேன்" என்பார். மாமா வரும்போதெல்லாம் எட்ட நின்று, வண்டியின் பெயிண்டைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போவார். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. தண்ணீர் குடித்தால் விழுங்குவதைக் கவனித்தாள், தும்மினால் தும்மலைச் சந்தேகித்தாள். சில நாள், பேசாமல் வெட்டியே எறிந்திருக்கலாமே என்று அழுகை முட்டும். சில நாள் முழுசாக மறந்துபோவாள். மறந்ததை நினைத்துப் பயப்படுவாள். வெள்ளைத்தாளையும் ஒரு நாள் எடுத்து வைத்தாள். ராஜினாமாவுக்குப் பதில், ஒரு நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு விண்ணப்பம் எழுதினாள். அதற்கு இதுவரை பதில் இல்லை. ஆனாலும் பேருந்து தாமதமானால் கால் மணிக்கொரு முறை பாலத்தை அழைப்பதை அவள் நிறுத்தவில்லை. மேற்பார்வையாளரும் குறிப்பாணை அனுப்புவதை நிறுத்தவில்லை.

ஸ்கேன் நாளன்று அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். "நானும் வரேன்னு சொல்லுங்க" என்றாள் அப்பாவிடம்.

ஸ்கேன் அறைக்குள் துணைக்கு யாரும் வரக் கூடாது என்றாள் அங்கிருந்த பெண். அம்மாவின் காதில் அது விழவே இல்லை. நேராக உள்ளே போய்த் திரைக்கு முன்னால் நின்றுகொண்டாள். கழுத்தில் ஜில்லென்று பசையைத் தடவிக் கருவியை உருட்டினாள் ஸ்கேன் பெண். திரையில் சாம்பல் நிறத்தில் ஏதேதோ அலைந்தது.

"எதும்மா அது?" என்றாள் அம்மா.

"இதோ, கறுப்பாத் தெரியுது பாருங்க, இதுதான்."

அம்மா கண்ணைச் சுருக்கிக் குனிந்தாள். ஆறு மாதமாகக் குடும்பத்தையே ஆட்டிவைத்த ஆளை நேருக்கு நேர் பார்த்தாள். "இதா? இவ்ளோதானா?"

"போன தடவை எடுத்ததும் இதே அளவுதான். மாறல. ஆனா நான் சொன்னதாச் சொல்லாதீங்க, டாக்டர்தான் சொல்லணும்."

படுத்திருந்தவளுக்கு மூச்சு வந்தது. அம்மா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தாள். அம்மா சொன்னாள்தான், மகளிடம் இல்லை. திரைக்கு இன்னும் கொஞ்சம் கிட்டப் போய், சலவை நிலையத்தில் வேலைக்குப் புதிதாக வந்தவர்களை மிரட்டும் அதே குரலில், விரலை ஆட்டிச் சொன்னாள்.

"இங்க பாரு. ஏதோ எம்பொண்ணு பாவம்னு எடம் குடுத்திருக்கா. கெடச்ச எடத்துல ஒழுங்கா கெட. அந்தப் பக்கம் இந்தப் பக்கம் நகந்தே, அன்னிக்கு இருக்கு உனக்கு."

அவளுக்குச் சிரிப்பு பீறிட்டது. அடக்கப் பார்த்தாள், கழுத்து குலுங்கியது, திரையில் எல்லாம் கலங்கியது.

"ஐயோ, ஆடாதீங்க" என்றாள் ஸ்கேன் பெண். "அம்மா, நீங்க அதுங்கூடப் பேசாதீங்க. அளவு தப்பாகுது."

"நீ ஏன்டி சிரிக்கிறே? அசையாம படு" என்றாள் அம்மா மகளைப் பார்த்து.

மறுபடியும் முதலிலிருந்து அளந்தார்கள். அப்போதும் அதே அளவுதான்.